இரவு இரண்டு மணி வேலை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. பதில் பிந்தியதற்கு அம்மாவின் கண்தான் காரணம். வலது கண்ணில் கட்டராக் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இப்போது பல்கனியில் இருந்தபடியே காலி வீதியில் போகிற பஸ்ஸின் இலக்கத்தை வாசிக்கிறார். சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. உன்னைப் பற்றிக் கேட்டார், நீ மெலிந்துவிட்டாய் என்று யாரோ சொன்னார்களாம்.

சரி, நீ கேட்ட விஷயம், உன் சேர்வரில் இரவில் தரவுத்தளத்துக்குத் தரவு ஏற்றும் வேலை. "கையால் ஓடவிட்டால் ஓடுகிறது, இரவில் தானாக ஓடும்போது மட்டும் தரவு ஏறவில்லை" என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. போன ஆடியில் இதையேதான் நான் எங்கள் மனேஜரிடம் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது மருந்து விநியோகம் என்று உனக்குத் தெரியும். புறக்கோட்டைக் களஞ்சியத்தில் இருந்து ஒவ்வோர் இரவும் இருப்புப் பட்டியல் ஒரு சுருக்கிய கோப்பாக வரும். இரண்டு மணிக்கு க்ரொன், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல், அதை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏற்றும். விடிந்ததும் வவுனியா, ஹற்றன், மட்டக்களப்பு என்று போகிற பிரதிநிதிகள் அதைப் பார்த்துத்தான் ஓடர் எடுப்பார்கள். அந்த மூன்று நாளும் புதுப் பட்டியல் ஏறவே இல்லை, பழையதுதான் கிடந்தது. மட்டக்களப்பில் ஒரு பார்மசிக்காரரிடம் இன்சுலின் இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். இருக்கவில்லை. அவர் அதை நம்பி நோயாளிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்களிடம் கோபப்படவும் இல்லை. "தம்பி, பார்த்துச் சொல்லுங்கோ" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

காரணம் ஒரேயொரு குறி. கோப்பின் பெயரில் அன்றைய திகதி வரவேண்டும் என்பதற்காக, திகதி எடுக்கும் கட்டளையை க்ரொன்டாப் (க்ரொன் ஓட்டவேண்டிய வேலைகளின் பட்டியல்) வரியிலேயே, அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். அதில் நூற்றுவீதக் குறி (%) வரும். கையால் கட்டளை தட்டும் டெர்மினலில் அதற்கு விசேடம் ஒன்றும் இல்லை. ஆனால் க்ரொன்டாப்பில் அந்தக் குறி வந்த இடத்தோடு கட்டளை முடிந்துவிடும். மிச்சமெல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால்தான் அது வெறும் எழுத்தாக நிற்கும். இதில் கொடுமை என்னவென்றால், பிழைகளை, நடந்ததைப் பதியும் லொக் கோப்புக்கு அனுப்பும் பகுதியை நான் வரியின் கடைசியில் எழுதியிருந்தேன். அதுவும் வெட்டுப்பட்டுப் போனது. அதனால் லொக்கில் ஒரு சொல்கூட இல்லை. பிழை நடக்கவே இல்லை என்று நினைத்து, களஞ்சியத்துப் பிள்ளைகளிடம் கோப்பு அனுப்பினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்கள் ஒழுங்காகத்தான் அனுப்பியிருந்தார்கள்.

கடைசியில் விடை கிடைத்தது சேர்வரின் உள்அஞ்சல் பெட்டியில். க்ரொன் ஓட்டும் வேலை எதையாவது வெளியே சொன்னால், அதை அந்தப் பயனரின் பெயருக்கு அஞ்சலாகப் போட்டுவிடும். மூன்று இரவுக்கும் மூன்று அஞ்சல், அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று. நீயும் முதலில் அங்கே பார். உன் சேர்வரில் அஞ்சல் மென்பொருளே போடவில்லை என்றால் அந்தச் செய்தி வீசப்பட்டுவிடும். அப்படியானால் வேலையின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு ஓர் இரவு பொறுத்திரு.

குறி இல்லாவிட்டால் அடுத்து நான் சந்தேகப்படுவது சூழலை. நீ உள்நுழைந்து ஓட்டும்போது உன் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்), உன் ஹோம் (உன் சொந்த அடைவு), உன் ஷெல் (கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரல்) எல்லாம் கூடவே வருகின்றன. க்ரொன் உன் பாத்தையும் ஷெல்லையும் கொண்டுவராது, ஹோமும் வேலை யாருடைய பெயரில் ஓடுகிறதோ அவருடையதுதான். பாத்தில் இரண்டொரு அடைவுகள்தான் இருக்கும், ஷெல்லும் நீ பாவிக்கிற பாஷ் அல்ல, எஸ்ஹெச் என்ற வெறும் அடிப்படை ஷெல். கடவுச்சொல் உன் ஹோமில் உள்ள அமைப்புக் கோப்பில் இருக்க, வேலை ரூட்டின் (சேர்வரின் தலைமைப் பயனர்) பெயரில் ஓடினால், மைஎஸ்கியூஎல் ரூட்டின் ஹோமில்தான் அதைத் தேடும். எல்லாப் பாதைகளையும் முழுதாக எழுது. எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டுக்குள் வைத்து, க்ரொன்டாப்பில் அதன் பெயரை மட்டும் விடு. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

குறியைத் திருத்திய பிறகு நிம்மதியாக இருந்தோம் என்று நினைக்காதே. பத்து நாள் கழித்து அட்டவணையில் பாதி மருந்தைக் காணவில்லை. லொக் "வெற்றி" என்கிறது! சுருக்கிய கோப்பைப் பிரித்து, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) வழியாக நேரே மைஎஸ்கியூஎல்லுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்று களஞ்சியத்து இணைப்பு இடையில் அறுந்து கோப்பு பாதியாக வந்திருக்கிறது. பிரிக்கும் கட்டளை பிழையோடு முடிந்தது. மைஎஸ்கியூஎல் தனக்கு வந்தவரை ஏற்றிவிட்டு, எல்லாம் சரி என்றது. ஷெல் சாதாரணமாகப் பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் பார்க்கும். பாஷில் பைப்ஃபெயில் என்ற தெரிவை இயக்கிவிட்டால் முன்னால் உள்ளது விழுந்தாலும் தெரியவரும். அதற்கு ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று சொல்லியிருக்க வேண்டும். வெறும் எஸ்ஹெச்சை நம்பாதே.

நேரத்தையும் ஒருக்கால் பார். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் அதன் இரண்டு மணி நமக்குக் காலை ஏழரை. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக ஏறினால், கோப்பை ஏற்றும் கட்டளையிலேயே எழுத்துத்தொகுதி யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதிவிடு.

இப்போது எங்களிடம் இரவுக் கோப்பு நேரே உண்மையான அட்டவணைக்குப் போவதில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிக அட்டவணையில் ஏறும். வரிகளை எண்ணி முந்திய நாளோடு ஒப்பிடுவோம். திடீரென்று குறைந்திருந்தால் அங்கேயே நிற்கும். சரி என்றால் இரண்டின் பெயரையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடுவோம். மைஎஸ்கியூஎல் அதை ஒரே மூச்சில் செய்யும், பாதி மாறிய பட்டியலை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். வேறொரு சேர்வர் காலை நாலு மணிக்கு, கடைசியாக எப்போது ஒழுங்காக ஏறியது என்று பார்க்கும். அன்றைய இரவு இல்லையென்றால் என் கைத்தொலைபேசி அடிக்கும். பழைய இருப்பாக இருந்தால் பிரதிநிதிகளின் திரையின் மேலேயே திகதி சிவப்பில் தெரியும். இந்தச் சிவப்பை நான்தான் கேட்டு வாங்கினேன். பட்டியல் பிந்தினால் பிந்தட்டும். பழையதைப் புதிது என்று நினைத்து ஒரு மனிதர் இன்னொருவருக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது.

உன்னுடைய க்ரொன்டாப் வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எனக்கு அனுப்பு, கடவுச்சொல் இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு. ஸ்கிரிப்டின் முதல் வரியும், அந்த உள்அஞ்சலில் ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டும். ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், கதைத்துக்கொண்டே பார்க்கலாம்.

தை பிறந்ததும் கொழும்புக்கு வருவதாகச் சொன்னாயே, எந்த ரயில் என்று அறிவி. கோட்டையில் வந்து நிற்கிறேன். அம்மா உனக்கென்று ஒடியல் கூழ் காய்ச்சவேண்டும் என்கிறார், வரும்போது ஒடியல் மா கொஞ்சம் கொண்டு வா. இங்கே கடையில் வாங்குவது அவருக்குப் பிடிப்பதில்லை.

அன்புடன்,
உன் பழைய அறை நண்பன்