ஹில்குரோவுல போன செபமாலை

அன்புள்ள கமலா,

நல்லா இருக்கியாடி? உன் லெட்டர் வந்து கெடக்கு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத, இங்க மழை நின்னபாடில்ல, கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கு, துணி காயறதுக்கே ஒரு வாரம் ஆகுது. போன்ல பேசிக்க வேண்டியதுதானே, இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதறான்னு மருமகன் கேக்கறார். போன்ல பேசினா நீ பாதியில குக்கர் விசில்னு ஓடிருவ, லெட்டருன்னா உக்காந்து படிச்சுத்தான் ஆகணும்.

கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம். அடுப்புப் பக்கம் போகாதன்னு டாக்டர் சொன்னா போகாம இரு, உன் மகன் ஒரு மாசம் ஓட்டல்ல சாப்ட்டா ஒண்ணும் ஆயிராது. இங்க சேதின்னா பெருசா ஒண்ணும் இல்ல, பச்சைத் தேயிலைக்கு விலை இல்லன்னு அதே பழைய பாட்டுதான், தம்பி பாதித் தோட்டத்தப் புடுங்கிட்டு கேரட் போடலாமான்னு யோசிக்கறான், போடறதுக்கு முன்னாடியே காட்டு மாடு வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது. என் முழங்கால் எப்பவும் போலத்தான், ஏத்தம் ஏறும்போது ஏசுவேன்னு கூப்பிட வைக்குது.

சரி, அம்மாவோட செபமாலை விஷயம் முழுசா எழுதுன்னு கேட்டிருந்த. அன்னிக்குப் போன்ல சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, நீயும் குரங்கான்னு கேட்டுட்டு சிரிச்சுட்ட, உன்னைக் குத்தம் சொல்லல, கேக்கறவங்களுக்குச் சிரிப்புதான் வரும்.

தீபாவளிக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பறப்போ பேத்தி மலை ரயில்லதான் வருவேன்னு அடம் புடிச்சா. குன்னூர்லயே பொறந்து வளந்த மாதிரிதான நாம, எத்தன தடவ அதுல போயிருக்கோம்னு யோசிச்சா விரல் விட்டு எண்ணிரலாம், டூரிஸ்ட்தான் போறான், நம்மாளு பஸ்ஸுல போறான். எப்படியோ மருமகன் டிக்கெட் போட்டுக் குடுத்தார். காலைல 7.10க்கு மேட்டுப்பாளையத்துல எடுத்தான். கல்லாறு தாண்டினதும் பல்சக்கரம் பிடிக்கற சத்தம், இஞ்சின் பின்னாடி நின்னு தள்ளுது, முன்னாடி பிரேக்ஸ்மேன் கொடிய வெச்சுட்டு நிக்கறார், பேத்தி குகைய எண்ணிட்டே வரா, மொத்தம் பதினாறுன்னு எங்கயோ படிச்சிருக்கா, ஒண்ணு குறைஞ்சாலும் என்னைய கேள்வி கேப்பா. ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், எல்லாம் சொல்லிட்டே வரா. எனக்கு எங்க அதெல்லாம், கையில செபமாலைய உருட்டிட்டு வந்தேன், அந்த ரயில் ஆட்டத்துக்கு அது நல்லா இருந்துச்சு.

அந்த செபமாலைய நீ பாத்திருக்க. இலங்கைல மடு மாதா கோயில் திருவிழாவுல அம்மா கல்யாணமான புதுசுல வாங்கினது, மர மணி. 53 மணில ஒண்ணு மட்டும் நீலக் கண்ணாடி மணியா இருக்கும், உடைஞ்சு போன மணிக்கு பதிலா என்னோட கொலுசுலயோ என்னவோ இருந்து எடுத்துக் கோர்த்தது. சிலுவையோட கால் பக்கம் தேஞ்சு வழவழன்னு ஆயிருச்சு, அம்மாவோட கட்டை விரல் அங்கதான் இருக்கும் எப்பவும். கொழுந்து எடுத்து எடுத்துக் கறுத்துப்போன விரல்டி அது, தேயிலைக் கறை எந்த சோப்புக்கும் போகாது, அந்தக் கறை கொஞ்சம் மணியிலயும் ஏறியிருக்கும்னு நான் நெனச்சுக்குவேன்.

ஹில்குரோவுல வண்டி நின்னுச்சு. இஞ்சினுக்குத் தண்ணி புடிக்கணும், எல்லாரும் எறங்கி டீ குடிக்கறாங்க, வடை வாங்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க. குரங்குக்குத் தீனி போடாதீங்கன்னு போர்டு இருக்கு, போர்டுக்குக் கீழயே நின்னுட்டு ஒருத்தர் சிப்ஸ் பாக்கெட்ட நீட்டிட்டு இருக்கார், அவர் பொண்டாட்டி வீடியோ எடுக்கறா. அப்புறம் குரங்கு பையப் புடுங்காம என்ன பண்ணும், பழக்கி விட்டது யாரு. நான் எறங்கல, கால் வலின்னு சீட்டுலயே உக்காந்திருந்தேன், மாலைய சின்ன ஜிப் பையில போட்டு மடியில வெச்சிருந்தேன், அதுலயே வீட்டுச் சாவி, கொஞ்சம் சில்லறை, பேத்திக்கு வாங்கின கடலை மிட்டாய். ஜன்னல் வழியா ஒரு கை வந்துச்சு கமலா, நான் யாரோ குழந்தை கைன்னு நெனச்சேன். நெனச்சு முடிக்கறதுக்குள்ள பை கூரை மேல.

அது கூரையில உக்காந்து ஜிப்ப இழுத்து, உள்ள இருக்கறத ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்குது, சீர்வரிசைத் தட்டைப் பாக்கற சம்பந்தியம்மா கணக்கா. கடலை மிட்டாய வாயில போட்டுச்சு. சில்லறை கீழ உருண்டுச்சு. ஜனங்க சத்தம் போட்டதும் பையத் தூக்கிட்டு பள்ளத்துப் பக்கமா இருந்த மரத்துக்குத் தாவிருச்சு. அங்க போயி மாலைய வெளிய இழுத்து, கழுத்துல மாட்டற மாதிரி ஒரு நிமிஷம் வெச்சுப் பாத்து, தின்ன முடியாதுன்னு தெரிஞ்சதும் விட்டுருச்சு. அது கீழ விழல. கிளை நுனில மாட்டிக்கிச்சு. நான் ஜன்னல்ல இருந்து நல்லா பாக்கறேன், நீல மணி வெயில்ல மின்னுது, சிலுவை ஆடுது, நடுவுல தடுப்புச் சுவரும் அதுக்குக் கீழ பள்ளமும். பை எங்கயோ கீழ போயிருச்சு.

பிரேக்ஸ்மேன்கிட்ட சொன்னேன். பாவம் அந்த மனுஷன், எட்டிப் பாத்துட்டு, அம்மா அங்க கயிறு கட்டித்தான் எறங்கணும், நான் எறங்க முடியாது, தண்டவாள வேலை பாக்கற கேங்மேன் ஆளுங்ககிட்ட சொல்லி வெக்கறேன், நம்பர் குடுங்கன்னு சொன்னார். எழுதிக் குடுத்தேன். விசில் அடிச்சுட்டான். வண்டி நகர நகர நான் திரும்பிப் பாத்துட்டே இருந்தேன், வளைவுல மறைஞ்சிருச்சு. குன்னூர் ஸ்டேஷன்லயும் எறங்கி மறுபடி சொன்னேன், அங்க இருந்த ஆளு எழுதிக்கிட்டார், சிரிக்காம எழுதிக்கிட்டார், அதுவே பெருசு.

வீட்டுக்கு வந்தா ஆளாளுக்கு வழி சொல்றாங்க. நீ அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கன்னு சொன்ன, புதுக்கோட்டைல மருமகளா போனதுல இருந்து உனக்கு எல்லாத்துக்கும் அந்த அம்மன்தான், மகாராஜா நவராத்திரிக்கு அரிசியோட அம்மன் காசு குடுத்த கதைய எனக்கு எத்தன தடவ சொல்லியிருப்ப. மாடி வீட்டு சார் கார்த்தவீர்யார்ஜுனன் சுலோகத்த எழுதியே குடுத்துட்டார். எங்க ஆளுங்களுக்குக் கோடி அற்புதர் அந்தோணியார் இருக்கவே இருக்கார். அந்தப் பதுவை அந்தோணியாரோட பைபிள் சங்கீதப் புத்தகத்த மடத்துல இருந்த ஒரு பையன் எடுத்துட்டு ஓடிட்டான், அவர் செபம் பண்ணினார், அவன் திரும்பி வந்து குடுத்துட்டான்னு கதை, அதுல இருந்து தொலைஞ்ச சாமானுக்கெல்லாம் அவர் பொறுப்பாயிட்டார். நான் வெல்லமும் வேண்டிக்கிட்டேன், செவ்வாய்க்கிழமை கோயில்ல அந்தோணியார் நவநாள் செபத்துக்கும் போனேன். இதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல.

அங்கதான் ஒண்ணு நடந்துச்சு. நடந்துச்சுன்னு சொன்னா ஏதோ அற்புதம்னு நெனச்சுக்காத. சொரூபத்துக்கு முன்னாடி மெழுகுவர்த்தி ஏத்தறேன், பக்கத்துல எங்க தெருக்கோடி அக்கா நிக்கறாங்க. அவங்க மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போன வேகத்துல தகவலே இல்லாம போயிட்டான், வருஷக்கணக்கா ஆச்சு. செவ்வாய்க்கிழமை தவறாம வராங்க. அவங்க மகனுக்கு ஏத்தறாங்க, நான் மர மணிக்கு ஏத்தறேன், ரெண்டும் ஒரே தட்டுல எரியுது. எனக்கு வாய் வரல கமலா. கேக்க வந்தத கேக்காமலே வந்துட்டேன்.

அதுக்கு அப்புறம் மழை புடிச்சுக்கிச்சு. தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சு, மரம் விழுந்து, ரயிலே நிறுத்திட்டாங்க, வருஷா வருஷம் இந்த மழைக்கு நடக்கறதுதான். மரம் இருக்கோ இல்லையோன்னே தெரியாது, மாலை எங்க இருக்கும். விட்டுருன்னு மனசு சொல்லுச்சு. அப்போதான் ஒரு நாள் போன் வந்துச்சு, மண்ணு அள்ளின ஆளுங்க ஒரு ஜிப் பை எடுத்திருக்காங்க, சாவி இருக்கு, வந்து பாருங்கன்னு. போய்ப் பாத்தா என் பைதான். சாவி துரு ஏறிப்போயி, கடலை மிட்டாய் கவர் சேறாயி. மாலை இல்ல. கொண்டு வந்து குடுத்தவர் இளம் பையன், கையெல்லாம் கீறல், டீ வாங்கிக் குடுத்தா குடிக்க மாட்டேங்கறான், ட்யூட்டி இருக்கும்மான்னு போயிட்டான்.

உடனே கோயில்ல இருந்து ரெண்டு பேர் வந்துட்டாங்க, பாத்தியா அந்தோணியார் சாவியக் குடுத்துட்டார், மாலையையும் குடுப்பார், உன் விசுவாசம் வீண் போகலன்னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. என் விசுவாசம் வீண் போகலன்னா தெருக்கோடி அக்காவோட விசுவாசம் என்ன ஆச்சு? இருபது ரூபா சாவிக்கு எறங்கி வர்ற சாமி அந்தப் புள்ளைக்கு ஏன் எறங்கலன்னு அந்த அக்கா கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? கிடைச்சா சாமி குடுத்துச்சு, கிடைக்கலன்னா நம்ம வேண்டுதல் பத்தலன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க பாரு, அந்தக் கணக்குல எனக்கு ஒப்புதல் இல்ல. சாவியக் குடுத்தது மழையில மண்ணு அள்ளின அந்தப் பையன். அவனை அனுப்பினது யாருன்னு கேட்டா, அது எனக்கும் சாமிக்கும் நடுவுல, அத அடுத்தவங்க கஷ்டத்துக்குப் பக்கத்துல வெச்சு அளக்கக் கூடாது.

எங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? இலங்கைய விட்டு தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து மண்டபம் கேம்ப்புல கெடந்தோமே, நீயும் பக்கத்து வரிசைலதான் இருந்த, அங்க எங்க ட்ரங்கு பெட்டி ஒண்ணு காணாம போச்சு. தோட்டத்து லயத்து வீட்டுல சேத்து வெச்ச பாத்திரம், அம்மாவோட கல்யாணப் பொடவை எல்லாம் அதுலதான். அம்மா ராத்திரி ஆனா எங்களை உக்கார வெச்சு 53 மணி செபம் சொல்லுவாங்க, காலைல எந்திரிச்சா பொடவையத் தூக்கிச் செருகிட்டு ஒவ்வொரு ஆபீசர் மேஜையா போயி சண்டை போடுவாங்க, சத்தம் நம்ம வரிசை வரைக்கும் கேக்கும். சாமிகிட்டதான் சொல்லியாச்சே அப்புறம் எதுக்கு சண்டைன்னு அப்பா கேட்டா, சாமிகிட்ட சொன்னதாலதான் தைரியமா போடறேன்னு சொல்லுவாங்க. பெட்டி வரல. குன்னூருக்கு நாம எல்லாம் லாரில வந்தப்போ அம்மா கையில இருந்தது அந்த மாலையும் ஒரு போர்வையும்தான். ராத்திரி செபம் நிக்கல, அதே நேரம், அதே ராகம், பெட்டியப் பத்திக் கோவமும் சாகற வரைக்கும் நிக்கல. ரெண்டும் ஒரே மனுஷிகிட்ட இருந்துச்சு.

பைபிள்ல லூக்கா 15ல ஒரு பொம்பள வருவா, பத்து திராக்மா காசுல ஒண்ணு காணோம்னு விளக்கேத்தி வீட்டையே கூட்டுவா. பிரசங்கத்துல எப்பவும் கண்டுபிடிச்ச சந்தோஷத்ததான் சொல்லுவாங்க, எனக்கு என்னமோ அந்த விளக்குமாறுதான் புடிக்கும். அது எங்கம்மாதான்.

அதனால நானும் விடல. ரயில் மறுபடி ஓட ஆரம்பிச்சதும் அந்த பிரேக்ஸ்மேன்கிட்ட கேட்டேன், மரம் நிக்குதான்னு. நிக்குதும்மா, ஆனா கிளை பாதி ஒடிஞ்சிருக்குன்னார். கீமேன் தினமும் லைன்ல நடக்கறவர், பள்ளத்துப் பக்கம் கண்ணு வெச்சுப் பாக்கறேன்னு சொல்லியிருக்காராம். கிடைச்சா கிடைக்கட்டும். நான் ராத்திரி விரல்லயே எண்ணிச் சொல்றேன், பத்து விரல் இருக்கு, ஒரு பத்து மணி செபத்துக்குச் சரியாப் போகுது. அம்மாவோட மணி கையில இல்லாதது ஒரு குறைதான், குறை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், சில ராத்திரி கட்டை விரல் அந்த வழவழப்பத் தேடுது. ஆனா சாமி மேல மனத்தாங்கல் இல்ல. தெருக்கோடி அக்கா கூட இப்பல்லாம் சேர்ந்துதான் செவ்வாய்க்கிழமை போறேன், வேண்டறது அந்தப் புள்ளைக்குத்தான். போலீஸ் ஸ்டேஷன்ல பழைய புகார் நம்பர் இருக்குன்னு சொன்னாங்க, அதையும் எடுத்துட்டுப் போயி ஒரு தடவ கேட்டுட்டு வரலாம்னு இருக்கோம், மருமகன் கூட வரேன்னிருக்கார்.

உன் மகனுக்குத் திருப்பூர்ல கம்பெனி ஆளுங்க பழக்கம்னு சொல்லுவியே, அந்தப் பையன் போட்டோ ஒண்ணு வாட்ஸப்ல அனுப்பச் சொல்றேன், நாலு இடத்துல காட்டி விசாரிக்கச் சொல்லு. மறந்துறாத, லெட்டர மடிச்சு வெக்கறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட சொல்லிரு.

மே மாசம் ஊட்டி கந்தல் குருசடிக் கோயில் திருவிழாவுக்கு வா. கார்ல வந்தா இ-பாஸ் எடுக்கணும், கவர்மெண்ட் பஸ்ஸுல வந்தா அந்தத் தொல்லை இல்ல, தண்ணிக்கு பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் கொண்டு வராத, கல்லாறு செக்போஸ்ட்லயே புடுங்கிருவான். ஸ்வெட்டர் என்கிட்ட ரெண்டு இருக்கு. கண்ணுக்கு ஊத்தற மருந்த நேரா நேரத்துக்கு ஊத்து.

உன்,
ஸ்டெல்லா