பெயரால் தடைபடும் வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

இனவெறிக்கும் யூதர்மீதான வெறுப்புக்கும் பூர்வீகம் சார்ந்த பாகுபாட்டுக்கும் எதிராக பிரான்ஸ் அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட, 2026 வரையிலான தேசியத் திட்டம், பிரெஞ்சுக் குடியுரிமையாளர் பலர் வாழும் புதுச்சேரியில் அக்கறையோடு படிக்கப்பட வேண்டியதாகும். அதன் 80 நடவடிக்கைகளுள் எனக்கு முக்கியமாகப் பட்டது, பெயர் மட்டும் வேறுபடும் விண்ணப்பங்களை அனுப்பி, நிறுவனங்கள் ஆளெடுப்பில் பாரபட்சம் காட்டுகின்றனவா என்று சோதிப்பது. பாரிஸ் புறநகரில் வசிக்கும் என் தங்கை மகன், தன் நீண்ட தமிழ்ப் பெயரைச் சுருக்கி எழுதிய பிறகே நேர்காணல் அழைப்பு வந்ததாகக் கூறினான் (ஒருவர் அனுபவம் சான்றாகிவிடாது என்பது வேறு). இனவாரிக் கணக்கெடுப்புக்கு அந்நாட்டுச் சட்டம் பெரிதும் இடம் தராததால், எந்தப் பூர்வீகத்தினருக்கு எவ்வளவு வேலை கிடைத்தது என்று எண்ணிப் பார்ப்பது கடினம்; எனவே, எத்தனை நடவடிக்கைகள் தொடங்கப்பட்டன என்பதைவிட, சோதனையில் சிக்கிய நிறுவனங்கள் பின்னர் திருந்தினவா என்பதையே இத்திட்டத்தின் மதிப்பீட்டாளர்கள் ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.