தெருநாய்க் கணக்கில் விடுபடும் விகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையின் தெருநாய்த் தொல்லை பற்றிய செய்திகளில், இத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது என்ற எண்ணிக்கை தவறாமல் இடம்பெறுகிறது. அவை மொத்த நாய்களில் எத்தனை சதவீதம், அவற்றில் பெட்டைகள் எத்தனை, எந்தெந்த வார்டுகளைச் சேர்ந்தவை என்ற விவரங்களைத்தான் காண முடிவதில்லை. இவை இல்லாமல், நாய்கள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்று எவராலும் சொல்ல இயலாது.

ஒரு வார்டில் 200 நாய்கள், அவற்றில் சரிபாதி பெட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 50 நாய்கள், இறக்கட்டும்; கருத்தடை ஆகாத ஒவ்வொரு பெட்டையும் ஈனும் குட்டிகளில் ஆண்டுக்கு ஒன்று மட்டும் பிழைத்து வளரட்டும். (இவை விளக்கத்துக்கான எண்களே; உண்மையான எண்களைத் தெருவில் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.) பெட்டைகளில் 20க்கு, அதாவது 20 சதவீதத்துக்குக் கருத்தடை செய்தால், புதிதாக 80 சேர்ந்து 50 கழிய, நாய்கள் 30 கூடிவிடுகின்றன. 70 சதவீதத்துக்குச் செய்தால், 30 சேர்ந்து 50 கழிய, 20 குறைகின்றன. ஆக, அதே 140 அறுவை சிகிச்சைகளை ஏழு வார்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஏழிலும் நாய்கள் பெருகும்; இரண்டே வார்டுகளில் செய்து முடித்தால் அந்த இரண்டிலாவது குறையும். ஆண் நாய்களை எத்தனை பிடித்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது, ஏனெனில் எஞ்சும் சில ஆண்களே எல்லாப் பெட்டைகளுக்கும் போதும். நூறு வார்டுகளுக்கும் சமமாகப் பங்கிடுவது நியாயமாகத் தோன்றலாம், கவுன்சிலர்களுக்கும் அதுவே பிடிக்கும், பலன்தான் இராது.

பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, உயிரினங்களின் பெருக்கம் அவ்விடம் தாங்கக்கூடிய அளவை நெருங்க நெருங்க மட்டுப்படுகிறது. நாய்கள் குறையும்போது எஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகி, முன்பு செத்துப்போயிருக்கக்கூடிய குட்டிகளும் பிழைத்துக்கொள்ளும் என்பது இதன் மறுபக்கம். பரோட்டாக் கடைகளின் எச்சில் இலையும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைகளின் கழிவும் சந்து முனையில் கொட்டிக் கிடக்கும்வரை, மேலே சொன்ன 70 சதவீதமும் போதாமல் போகலாம்.

மொத்த நாய்களை எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். கருத்தடை செய்த நாயின் காதில் சிறு வெட்டு அடையாளம் இடப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அது பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட வேண்டும். 1930இல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர், காலில் வளையமிட்ட வாத்துகளைக் கொண்டு மொத்த வாத்துகளைக் கணித்த முறைக்கு இவ்விரண்டுமே போதும். ஒரு வார்டில் அண்மையில் அடையாளமிட்டு விடப்பட்டவை 60 என்றும், விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்து பார்த்த 40 நாய்களில் காது வெட்டுப்பட்டவை 12 என்றும் கொண்டால், 60ஐ 40ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க, மொத்தம் ஏறத்தாழ 200 என்று கிடைக்கும். அடையாளமிட்டவற்றில் சில இதற்குள் இறந்திருந்தால் இந்த மதிப்பீடு கூடுதலாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் 40க்கு 12, அதாவது 30 சதவீதம், என்ற விகிதத்துக்கு அந்தக் குறை கிடையாது. நமக்கு முதலில் தேவைப்படுவதும் அதுவே.

மதுரைக் கல்லூரிகளின் கணித மாணவர்கள் வெர்ஹுல்ஸ்டின் சமன்பாட்டை மதிப்பெண்ணுக்காகத் தீர்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். விலங்கியல் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் கல்லூரி அமைந்துள்ள வார்டில் அவர்கள் இவ்வாறு எண்ணி, பெட்டைகளைத் தனியே குறித்துத் தரலாம். கருத்தடைச் செய்திகளை வெளியிடும்போது இந்த வார்டுவாரி விகிதத்தையும் அதிகாரிகளிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செல்லூர், மதுரை.