பூநாரைகளைத் துரத்தாமல் பார்க்க வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கார்த்திகை மாத வாடைக்காற்றில், சால்வையைப் போர்த்திக்கொண்டு விடியற்காலையில் தனுஷ்கோடிச் சாலையில் நடப்பவர்களுக்கு, கோதண்டராமர் கோயிலையொட்டிய சேற்றுப்பரப்பில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து வடிகட்டி உண்பதும், அவற்றுக்கு அப்பால் கொசு உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் ஓடி ஓடிக் கொத்துவதும் காணக் கிடைக்கும். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு இப்பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். அந்த அறிவிப்பின் பயன் பறவைகளைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2017இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின், வருகிறவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால், பறவைக் கூட்டம் எழும்பிப் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகச் சிலர் கைதட்டியும் கல்லெறிந்தும் சேற்றில் இறங்கி நெருங்கியும் பறவைகளைக் கிளப்பிவிடுகிறார்கள். விடுமுறை நாள்களில், அமர்ந்த கூட்டம் அலகை நனைக்கும் முன்பே மறுபடி எழும்புவதைக் கண்டு மனம் வெதும்பியிருக்கிறேன்.

கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற குளிர்நிலமான ஆர்க்டிக் துந்திரத்தில் பொரித்து வளர்ந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கு வரும் அது, கோடை தொடங்கியதும் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றுப் புழுக்களையும் சிற்றுயிர்களையும் தின்றே உடலில் சேர்த்தாக வேண்டும். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அதன் இரைவேளை குறைகிறது. முன்பு தின்று சேர்த்ததும் வீணாகிறது.

சரணாலயத்தில் காட்டுயிர்களைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே, சாலையோரத்தில் தமிழில் தெளிவான அறிவிப்புப் பலகைகளும், தென்னங்கீற்றுத் தட்டி மறைப்புடன் கூடிய பார்வை மேடையும், அதில் ஒரு தொலைநோக்கியும் அமைக்குமாறு வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். காற்றையும் நீரோட்டத்தையும் நன்கறிந்த மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து அங்கே வழிகாட்டிகளாக அமர்த்தினால், அவர்களுக்கும் ஒரு வருமானம் கிடைக்கும். மேடைக்கு நாளாகும் என்றால், ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் பொங்கல் விடுமுறைக் கூட்டமும் பெருகுவதற்குள் பலகைகளையாவது நட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.