அரிசிக்கு ஒரு சதவீதம்

அன்புள்ள மீனா,

நலமா? அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பொங்கல் நேரம், கடையில் உனக்கு மூச்சு விட நேரம் இருந்திருக்காது. அதனால்தான் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

"அங்கே அரிசி பருப்புக்கு வரி உண்டா?" என்று போன தடவை கேட்டிருந்தாய். எங்கள் இல்லினாய் மாநிலத்தில் மளிகைப் பொருளுக்கு இருந்த ஒரு சதவீத மாநில வரி 2026 ஜனவரி 1 முதல் கிடையாது. ஆனால் என் பில்லில் அந்த ஒரு சதவீதம் அப்படியே இருக்கிறது! ஏன் என்று போன சனிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதி, மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் என்னென்ன சட்டம் போட்டார்கள் என்று சொல்ல நூலகத்தில் ஒரு கூட்டம் வைத்திருந்தார். நாற்பது பேர் இருந்திருப்போம். மளிகை வரியை நீக்கிய சட்டத்தைப் பற்றி அவர் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் ஒரு பாட்டி பால் வாங்கிய ரசீதைத் தூக்கிக் காட்டி, "அப்படியானால் இது என்ன?" என்று கேட்டார். பிரதிநிதி மழுப்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

விஷயம் இதுதான். அந்த ஒரு சதவீதத்தை வசூலித்தது மாநிலம், ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது அந்தந்த ஊருக்கு. 2022 ஜூலையில் விலைவாசி ஏறியபோது ஓர் ஆண்டுக்கு நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2024 ஆகஸ்டில், வரியை அடியோடு நீக்கும் சட்டத்தில் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்துப் போட்டார். அதே சட்டத்தில், ஊராட்சி விரும்பினால் தானே ஒரு சதவீதம் போட்டுக்கொள்ளலாம், மக்களிடம் வாக்கெடுப்புக்கூட வேண்டாம் என்றும் இருக்கிறது. ஜனவரியிலிருந்து வசூலிக்க வேண்டுமென்றால் அக்டோபர் 1க்குள் தீர்மானத்தை அனுப்ப வேண்டும். நூற்றுக்கணக்கான ஊர்கள் அனுப்பிவிட்டன. எங்கள் ஊரும் அதில் ஒன்று. தீர்மானம் போட்ட அன்று மாலை நான் போயிருக்க வேண்டும், போகவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

வாரம் 200 டாலருக்கு மளிகை வாங்கினால் வரி 2 டாலர், வருடத்துக்கு 104. எங்களுக்கு அது பெரிய தொகை இல்லை. அரசு தரும் உணவு உதவி அட்டையில் வாங்குபவர்களுக்கு முன்பே இந்த வரி கிடையாது. அந்த உதவி கிடைக்கும் வரம்பைக் கொஞ்சமே தாண்டிச் சம்பாதிக்கும் குடும்பங்கள்தான் பாவம், முழுதாகக் கட்டுகின்றன. சாப்பாட்டுக்கு வரி கூடாது என்பதுதான் என் எண்ணம். அதே சமயம், அந்தப் பணத்தில்தான் தீயணைப்பு வண்டியும் சாலையும் ஓடுகின்றன என்று ஊராட்சி சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. இதை விட்டால் வீட்டு வரியில் ஏற்றுவார்கள். இல்லினாய் வீட்டு வரி ஏற்கெனவே நாட்டிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன், கடைக்காரி நீ ரசிப்பாய். மாவு கலந்த கிட் கேட் இங்கே மளிகைக் கணக்கு. மாவு இல்லாத வெறும் சாக்லேட் மிட்டாய்க் கணக்கு, அதற்கு மாநிலத்தின் முழு விற்பனை வரி 6.25 சதவீதம், ஊர் வரி தனி. 2022 ஜூலையில் உங்கள் ஊரில் மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுத்த அரிசிக்கு வரி இல்லை, பெயர் அச்சடித்த பைக்கு 5 சதவீதம் என்று வந்தபோது நீ தலையில் கைவைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

அப்புறம் கரன்ட் பில். எங்கள் பகுதியும் சேர்ந்த, 13 மாநிலங்களில் பரவிய மின் கட்டமைப்பு ஏலம் ஒன்று நடத்துகிறது. தேவைப்படும்போது மின்சாரம் தரத் தயாராக இருக்க மின் நிலையங்களுக்குக் கொடுக்கும் விலை அதில்தான் முடிவாகிறது. ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலராக இருந்த அந்த விலை 269.92 ஆனது. 2025 ஜூனிலிருந்து அது எங்கள் பில்லில் தெரிகிறது. 2026 ஜனவரியில் இங்கே கையெழுத்தான புதுச் சட்டம் பெரிய மின்கலங்களை அமைத்து இதைச் சமாளிக்கப் பார்க்கிறது. பலன் உடனே வராது என்று பிரதிநிதியே சொன்னார்.

ஊராட்சியின் அடுத்த வரவு செலவுக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டியோடு நானும் போகிறேன். நாள் குறித்துக்கொண்டோம். உன் கடை பில் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பு, எதெதற்கு எவ்வளவு வரி என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தி