வெயில் அடிக்கும்போது ஃபேஸ் 2 ஏன் மூடியிருக்கிறது: குல்மார்க்குக்குக் குழு அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் குளிர்காலத்தில் காஷ்மீருக்குக் குழு அழைத்துச் செல்லும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் பயணத்திட்டங்களில் வழக்கமாக ஒரு வரி வரும்: "மூன்றாம் நாள் குல்மார்க். கோண்டோலா ஃபேஸ் 1, ஃபேஸ் 2, பனிச்சறுக்கு. மாலை ஸ்ரீநகர் திரும்புதல்." (கோண்டோலா என்பது கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் பெட்டி. ஃபேஸ் 1, ஃபேஸ் 2 அதன் இரு கட்டங்கள்.) ஜூன் மாதத்துக்கு இந்தத் திட்டம் ஒருவேளை பொருந்தலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் அங்கே டிக்கெட் வரிசையில் நின்று உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

குல்மார்க் கிராமம் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1998இல் திறந்த ஃபேஸ் 1 ஏறத்தாழ 3,080 மீட்டரில் உள்ள கொங்டூரி வரை போகும். 2005இல் திறந்த ஃபேஸ் 2 அங்கிருந்து அஃபர்வத் மலைத்தோள் வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்கு ஏறும். இரண்டும் தனித்தனிக் கம்பிவடங்கள். கீழது ஓடிக்கொண்டிருக்க மேலது மட்டும் நிற்பது குளிர்காலத்தில் சாதாரணம். கீழே காடு காற்றை மறைக்கிறது, மேலே மரமே இல்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி இறங்கும். ஆகவே ஊரில் -2 என்றால் உச்சியில் -10. அதோடு மணிக்கு 50 கிமீ காற்றும் சேர்ந்தால் திறந்த தோலுக்கு அது -22 போல உறைக்கும். காலையில் ஹோட்டல் வாசலில் நின்று வானிலையை முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறுகள், மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றழுத்தக் குலைவுகள். நம் ஊர்ப் புயலைப் போலவே இவையும் முன்கூட்டியே சாடை காட்டும். முதலில் மெல்லிய உயர மேகம், சில சமயம் சூரியனைச் சுற்றி வட்டம். பிறகு தெற்கிலிருந்து காற்று, இதமான வெப்பம். வாடிக்கையாளர்கள் "இன்னைக்கு குளிரே இல்லையே" என்று ஜாக்கெட்டைக் கழற்றும் நாள் அதுதான். அடுத்து ஒரு நாளோ மூன்று நாளோ பனி கொட்டும். கடைசியில் காற்று வடமேற்குக்குத் திரும்பி, வானம் கழுவிவிட்டாற்போல் நீலமாகும்.

அந்த நீல வானக் காலையில்தான் சண்டை வருகிறது. "வெயில் அடிக்குது, மூடி வெச்சிருக்காங்க, காசு வாங்கிட்டு ஏமாத்துறாங்க!" நடப்பது என்னவென்றால், கொட்டிய பனியைக் காற்று ஒரு பக்கச் சரிவிலிருந்து அள்ளி முகட்டுக்கு மறுபக்கம் பலகை பலகையாக அடுக்கி வைத்திருக்கும். 30 முதல் 45 டிகிரி சாய்வில் அப்படி அமர்ந்த பலகை ஒரு மனிதரின் எடையில் உடைந்து ஓடும். பனிச்சரிவு ஆபத்தைக் கண்காணிக்கும் ரோந்துக் குழுவினர் முதலில் மேலே போய், கம்பிவடத்துக்குக் கீழே உள்ள பெரிய கிண்ணச் சரிவில் வெடி வைத்து, ஓட வேண்டியதை ஆளில்லாதபோதே ஓடவிட வேண்டும். பிறகுதான் ஆட்களை ஏற்றுவார்கள். முகட்டில் பனிப்புகை வால் போல நீண்டு பறப்பது கீழிருந்தே தெரிந்தால், அங்கே காற்று இன்னும் அடங்கவில்லை என்று பொருள். அன்று மதியம் வரை ஃபேஸ் 2 திறக்காமல் போகலாம், நாள் முழுதுமே திறக்காமலும் போகலாம். காற்றை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு: 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் சாய்ந்த மரம் கம்பிவடத்தில் விழுந்த விபத்தில் 7 பேர் இறந்தார்கள். அது கோடைக்காலம்.

வெடி வைத்துப் பாதுகாப்பது அந்தக் கிண்ணத்தை மட்டும்தான். அதன் வலப்புறமும் இடப்புறமும் போகும் பள்ளங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் இறந்தது இப்படிப்பட்ட திறந்த மலையில்தான். அந்தக் கிண்ணத்துக்கு வெளியே போய்ச் சறுக்க விரும்புபவர் உங்கள் குழுவில் இருந்தால், 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோக் கருவி), மண்வெட்டி, துழாவுகோல் மூன்றும் அவரிடமும் அவரோடு போகும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய முதல் 10, 15 நிமிடம். வெளியிலிருந்து மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. டிரான்ஸீவரிலிருந்து செல்போனைக் குறைந்தது 20 செமீ தள்ளி வைக்கச் சொல்லுங்கள், தேடும்போது 50 செமீ. மார்புப் பையில் இரண்டையும் ஒட்டி வைத்தால் கருவி குழம்பும்.

சரி, புயல் நாளில் குழுவை என்ன செய்வது? ஹோட்டலில் அடைத்து வைக்க வேண்டாம். முதல்முறை சறுக்குபவர்களுக்கு ஊரின் தாழ்வான சரிவுகளே போதும். ஓரளவு தெரிந்தவர்கள் கொங்டூரியிலிருந்து காட்டு வழியாக ஊருக்கு இறங்கும் பாதையில் இருக்கட்டும். மேகம் இறங்கினால் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. நின்றுகொண்டே "நான் நகர்கிறேனா" என்று சந்தேகம் வரும், சிலருக்குக் குமட்டும். ஓரத்து மரங்களின் கருமை அப்போது கண்ணுக்குப் பிடிமானம். ஆனால் மரத்தடிக்கே போய்விடக் கூடாது. தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக வெளியேற முடியாது.

சறுக்கும்போது அணியும் கண்ணாடியில் கருத்த லென்ஸ் வெயிலுக்கு. மேகம் மூடிய வெளிச்சத்துக்கு மஞ்சளோ ரோஜா நிறமோ வேண்டும். வாடகைக் கடையில் கேட்டு வாங்குங்கள், தானாகக் கொடுக்க மாட்டார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்தால் தலைச் சூட்டில் ஆவி பிடிக்கும். முகத்துணியைக் கண்ணாடிக்குள் செருகினால் மூச்சுக்காற்று நேராக உள்ளே போகும். உள்ளே பனி புகுந்தால் உதறுங்கள், துடைத்தால் பூச்சு போய்விடும்.

புதுப்பனியில் நேரம் வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பூட்ஸின் அடியில் ஒட்டிய பனி. ஒரு விரல் கனம் இருந்தாலும் பைண்டிங்கில், அதாவது பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பூட்டில், பூட்ஸ் சரியாகப் பூட்டாது. பூட்டியதுபோல் "க்ளிக்" கேட்டு, முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும். பைண்டிங்கின் முன்முனையில் தேய்த்துச் சுரண்டிவிட்டு, சரிவுக்குக் குறுக்கே சறுக்குப் பலகைகளை வைத்து, கீழ்ப்பக்கக் காலை முதலில் மாட்டச் சொல்லுங்கள். விழுந்து பலகை காணாமல் போனால் விழுந்த இடத்துக்கு மேற்புறம் கோலால் துழாவ வேண்டும், பலரும் கீழே தேடுகிறார்கள். இன்னொன்று: கடையில் எடை கேட்பது பைண்டிங்கின் இறுக்கத்தைத் திருக. அங்கே ஐந்து கிலோ குறைத்துச் சொல்வதில் கௌரவம் ஒன்றும் இல்லை, பைண்டிங் கண்ட இடத்தில் கழலும். கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகும்.

ஃபேஸ் 2 திறந்து, மேலே போன பிறகு மூடுபனி சூழ்ந்தால், சறுக்கத் தெரியாதவர்கள் அதே பெட்டியில் இறங்கட்டும். மேலே சீராக்கிய பாதை என்று ஒன்றே கிடையாது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதத்துக்குச் சற்றே மேல். தலைவலி, மூச்சிரைப்பு என்று யாராவது சொன்னால் உடனே இறக்குங்கள். சறுக்குபவர்கள் கம்பிவடத் தூண்களைப் பார்வையில் வைத்தே இறங்க வேண்டும். முன்னால் வழிகாட்டி, கடைசியில் நன்றாகச் சறுக்கும் ஒருவர், இடையில் ஒவ்வொருவரும் முன்னவர் தெரியும் தூரத்தில். தூண் மறைந்தால் நிற்கவும். பக்கவாட்டில் தேடிப் போனால் கொங்டூரிக்குத் திரும்பாத பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள்.

உடையில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். ஜீன்ஸும் பனியனும் வியர்வையையும் பனியையும் குடித்து, பெட்டியில் உட்காரும் பத்து நிமிடத்தில் உடம்பை நடுங்க வைக்கும். சாக்ஸ் ஒரே ஜோடி, கம்பளியில். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். குல்மார்க்குக்கு ஏறும் வழியில் உள்ள தங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் நீளக் கோட்டும் கம்பூட்ஸும் பனியில் நடக்க நல்லது, சறுக்க உதவாது. மூக்கிலோ கன்னத்திலோ வெண்திட்டு தெரிந்தால் உள்ளங்கையால் மூடிச் சூடாக்குங்கள். பனியால் தேய்க்கும் பழைய வைத்தியம் தோலைக் கிழிக்கும்.

தங்மார்க்கிலிருந்து மேலே 13 கிமீ. பனி விழும் நாளில் டயரில் சங்கிலியோ நான்கு சக்கர இயக்கமோ இல்லாத வண்டி ஏறாது. போன அன்றே திரும்பும் திட்டம் முதலில் உடைவது இங்கேதான். எதிர்த்திசையிலும் ஏமாறலாம்: 2024 ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க்கில் பனியே இல்லை. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. குல்மார்க்கில் மூன்று இரவு தங்க வையுங்கள். மூன்று நாளில் எது எந்த நாள் என்று உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எழுதாதீர்கள். முந்தைய மாலை ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள், காலையில் ரோந்துக் குழுவைக் கேட்டு அன்றைய இடத்தை முடிவு செய்யுங்கள். துண்டுப்பிரசுரத்தில் அந்த வரியை இப்படி மாற்றி அச்சிட்டால் போதும்: "குல்மார்க், 3 இரவு. ஃபேஸ் 2 காற்றும் பனியும் அனுமதிக்கும் நாளில். அனுமதிக்காவிட்டால் கொங்டூரி வரை."

இப்படிக்கு,
குளிர்கால மலைகளில் சறுக்கும் சிலர்