தானாக மாறியது எதுவும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். காலம் மாற மாற யாழ்ப்பாணச் சமூகமும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எழுதியவர் முடித்திருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் இருந்தே தொடங்குகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அது. எங்கள் அப்பு இணுவிலில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். அறுபதுகளின் தொடக்கம், நான் சின்னப் பிள்ளை. விடியப்புறம் துலாவில், அதாவது கிணற்று ஏற்றத்தில், ஒருவர் ஏறி மிதிக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். பக்கத்துக் காணிக்காரர் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிஷின் வாங்கியபோது, "மிஷின் தண்ணியில வெங்காயம் உறைக்காது, கிணறும் வத்திப்போகும்" என்று அப்பு சந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனால் ஒரு போகம் முழுவதும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அங்கே ஒரே ஆள் இறைப்பை முடித்துவிட்டு வெயில் ஏறமுன் சுன்னாகம் சந்தைக்குப் போய்விடுவார். அடுத்த போகத்துக்கு ஆச்சியின் பதக்கம் சங்கிலி அடைவுக்குப் போனது, எங்கள் கிணற்றடிக்கும் மிஷின் வந்தது. அவருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. (கிணற்றைப் பற்றி அவர் சொன்னதை முழுப் பிழை என்றும் சொல்லமாட்டேன், இன்றைக்கு வலிகாமத்தில் உவராகிப்போன கிணறுகளைப் பார்க்கும்போது அப்புவின் ஞாபகம்தான் வருகிறது.)

தொழிலில் அப்படித்தான், இலாபம் கண்ணுக்குத் தெரிந்தால் மனம் மாற ஒரு போகம் போதும். ஆனால் மாற்றம் வந்தால் தன் இருக்கை பறிபோகும் என்று ஒருவன் நினைக்கும் இடத்தில் இந்தக் கணக்கு சரிவராது. பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று 1930ஐ ஒட்டி அரசாங்கம் சொன்னபோது இங்கே சில பாடசாலைகளை எரித்தார்கள். எல்லோருக்கும் வாக்குரிமை என்றபோது, தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்களே அதை எதிர்த்தார்கள். 1931இல் அது வந்தும் விட்டது, இன்றைக்கு அதை வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எங்கள் சந்தித் தேநீர்க்கடையில் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் சோடாப் போத்தலில் தேநீர் ஊற்றிக் கொடுத்ததை நானே கண்டிருக்கிறேன். சுடச்சுடப் போத்தலைப் பிடிக்க முடியாமல் தோளில் கிடந்த துண்டால் சுற்றிக்கொண்டு, கடைக்கு வெளியே வெயிலில் நின்று குடிப்பார்கள். உள்ளே பித்தளைப் பேணிகள் அடுக்கிக் கிடக்கும். சாதியைச் சொல்லி ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது, நான் சொல்வது அதற்குப் பிறகு நடந்தது. பதினொரு வருடம் கழித்து, 1968இல், உள்ளே போக விடும்படி கேட்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடி வாங்கினார்கள். அதே வருடங்களில் சங்கானை நிச்சாமத்தில் தீண்டாமைக்கு எதிராகப் போராடியவர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் பத்திரிகையின் பழைய பிரதிகளிலேயே இருக்கும். இவ்வளவும் நடந்த பிறகு "காலம் மாறியது" என்று எழுதினால், அடி வாங்கியவர்கள் எங்கே போனார்கள்?

கலைக்கு வருவோம். கூத்தாடி என்பது எங்கள் ஊரில் ஏச்சுச் சொல்லாக இருந்த காலம் எனக்குத் தெரியும். பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்பில் வட்டக்களரி என்ற வட்டமான திறந்தவெளி மேடையில் விடியவிடிய ஆடிய கூத்தை அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். பட்டதாரிகள் ஆடத் தொடங்கியபிறகுதான் எங்கள் பெரிய வீடுகளுக்கும் அது கலையாகத் தெரிந்தது, பிறகு கல்லூரிப் போட்டிகளுக்கும் வந்தது. அவர் செய்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அதை ஆடிக் காப்பாற்றிய அண்ணாவிமாரில், கூத்துப் பழக்கியவர்களில், எத்தனை பேரின் பெயர் எங்களுக்குத் தெரியும்? ஆட்டத்தை எடுத்துக்கொண்டோம், ஆடியவனை வாசலிலேயே விட்டுவிட்டோம்.

இதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் முதலில் காலடி வைத்தவர்களில் சிலர் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள், பலருக்கு எண்பது கடந்துவிட்டது. வாரம் ஒரு அரைப்பக்கம் ஒதுக்கி, நிருபர் ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதை அவர்கள் வாயால் சொன்னபடியே போடுங்கள். அந்த நேரம் கதவைப் பூட்டி உள்ளே நின்றவர்களிலும் இப்போது கதைக்க விரும்புகிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள். இந்த மாரிக்கு முன் தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
இணுவில்.